தப்பிலிருந்து சொல்லிசை வரை

ஓர் இனத்தின் வரலாற்றை அரசர் பொறித்த கல்வெட்டுகளில் மட்டும் தேடுவோர் பாதி வரலாற்றையே காண்பர். மறுபாதி, எழுத்தறியா மக்கள் பாடிய பாட்டில் உள்ளது. ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த கற்களைக் காட்டி, 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்து வென்ற கடாரம் இதுவே என்று நம் மாணவர்க்குப் பெருமையுடன் கற்பிக்கிறோம். ஆயின், அதே மலையின் நிழலில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டியர் பாடிய பாடல்களை, ஆர்வலர் சிலர் தொகுத்தவை நீங்கலாக, நாம் காக்கத் தவறிவிட்டோம். அத்தவற்றை இரண்டாம் முறையும் செய்துகொண்டிருக்கிறோமோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இன்றைய இளைஞர் விரும்பிக் கேட்பது மின்னிசையும் ராப் எனப்படும் சொல்லிசையும், பழைய பாடலைப் புதிய தாளத்தோடு கலக்கும் ரீமிக்ஸ் இசையுமாகும். ஆசிரியர் கூடும் இடங்களில் இவ்விசையைப் பற்றிப் பேச்செழுந்தால், 'தமிழைக் கெடுக்கிறார்கள்' என்னும் ஒற்றைத் தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. அத்தீர்ப்பைப் பல்லாண்டு வழங்கியவருள் நானும் ஒருவன். இவ்விசை எங்கிருந்து வந்தது, நம்மிடம் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிந்த பின்னரே என் கருத்து மாறியது.

தோட்டத்துப் பாட்டு

1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா மாநிலம் சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு மாறியது. அக்காலத்தை ஒட்டியே இரப்பர் விலையும் உயர்ந்தது. கோலமூடாவிலும் கூலிமிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்ட பின்னர், கங்காணிகள் வழியே ஆள் திரட்டும் முறை ஓங்கியது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். அவர்கள் கையில் கொண்டுவந்த மூட்டை சிறியது. நாவில் கொண்டுவந்த பாட்டோ பெரியது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் காமன் கூத்தும் லாவணியும் தோட்டத்து லயங்களில் மறுபிறவி எடுத்தன. கங்காணியின் கொடுமையும் பெரட்டுக் களத்தின் பனியும் மங்கில் வடியும் பாலும் அப்பாடல்களுக்குப் புதிய பொருளாயின.

நான் தோட்டத்தில் பிறந்தவன். திருவிழா இரவில் தப்பு முழங்கும்போது, ஒருவர் ஓர் அடியை எடுத்துவிட, எதிரே நிற்பவர் அதே தாளத்தில் அக்கணமே மறுமொழி கட்டிப் பாடுவார். கேலி இருக்கும், வசை இருக்கும், கிராணியாரும் தப்பமாட்டார். அந்த ஆட்டத்தின் அருகே போகக்கூடாது என்று வீட்டில் எனக்குக் கட்டளை. தப்பு தாழ்ந்தோர் கருவி, அதைக் கேட்கும் பிள்ளை படிக்கமாட்டான் என்பது பெரியோர் எண்ணம். இன்று அதே தப்பைப் பறை என்று பெயரிட்டு மாநாட்டு மேடைகளில் முழக்குகிறோம், கைதட்டி மகிழ்கிறோம். ஆனால் அன்று அத்தாளத்துக்கு எடுத்துக் கட்டிய சொற்கள் எங்கே? பாடியவரோடு அவை மண்ணாகிவிட்டன. இகழ்ந்த காலத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. புகழும் காலத்தில் எழுதி வைக்க எதுவும் எஞ்சவில்லை.

கரும்புத் தோட்டத்து வழித்தோன்றல்கள்

சொல்லிசையின் பிறப்பிடம் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதி என்பர். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், அங்குள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் இளம்பெண் ஒருத்தி விருந்தொன்றை ஏற்பாடு செய்தாள். பள்ளி திறக்கும் நாளுக்குப் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே அவள் நோக்கம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல். டிஜே கூல் ஹெர்க் என்று பின்னர்ப் புகழ்பெற்றவர். பாடலில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் கூட்டத்தார் மிகுந்த ஊக்கத்துடன் ஆடுவதைக் கண்ட அவர், இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி இயக்கி அத்தாளப் பகுதியையே நீட்டித்தார். அதன்மீது ஒலிபெருக்கியில் சொற்களைத் தாளத்தோடு வீசினர். ஹிப் ஹாப் அங்கே தொடங்கியது.

கேம்பல் குடும்பத்தார் ஜமைக்காத் தீவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அத்தீவின் மக்கள் பெரும்பாலோர், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். ரீமிக்ஸ் கலைக்கும் அத்தீவு ஒரு தாய்வீடாகும். 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் கிங் டப்பி என்பார், பதிவான பாடலிலிருந்து குரலை நீக்கியும் தாளத்தை உயர்த்தியும் புது வடிவம் சமைத்தார். அவர் இசைக்கல்லூரி கண்டவர் அல்லர். வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர்.

மின்னிசையின் கதையும் இத்தகையதே. 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர். 808 என்னும் மின்தாளப் பெட்டியை வெளியிட்டது. உண்மையான முழவைப் போல் அது ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினர்; 1983-இல் அதன் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்கு வந்த அப்பெட்டியை எளிய இளைஞர்கள் வாங்கினர். சிக்காகோவிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பின இளைஞர்கள் ஹவுஸ், டெக்னோ எனும் நடன இசை வகைகளை உருவாக்க அவ்வகைப் பெட்டிகளே துணைநின்றன. செல்வர் ஒதுக்கிய கருவியிலிருந்து எளியவர் இசை எழுப்பினர். தோலும் கட்டையும் கொண்டு தப்பைச் செய்த நம் முன்னோர் செயலை இது நினைவூட்டவில்லையா?

மலேசியத் தமிழ்ச் சொல்லிசை

நம் நாட்டில் 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் பணத்தாலேயே தோட்டங்களை வாங்கச் செய்தார். எனினும் வெளியேற்றம் முற்றும் நிற்கவில்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பிறகு வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்தில் வளர்ந்தோர் நகர ஓரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். சுங்கைப் பட்டாணியும் இம்மாற்றத்தின் நடுவே வளர்ந்த ஊராகும். கோயில் திடலும் கூத்துக் களமும் இல்லாத அவ்வாழ்க்கையில், பிராங்ஸ் நகரத்து இளைஞனின் குரல் நம் இளைஞனுக்கு அயலாகத் தோன்றாததில் வியப்பில்லை.

தமிழ்த் திரையில் 1986-இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி வழி இசையைக் கையாண்டார். 1994-இல் ஏ. ஆர். ரகுமானின் இசையில் வந்த 'காதலன்' படம் 'பேட்டை ராப்' என்னும் பாடலைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது. ஆயினும் திரைப்படத்தைச் சாராமல், தனித்து நிற்கும் இயக்கமாகத் தமிழ்ச் சொல்லிசை வளர்ந்ததில் மலேசியாவுக்குச் சிறப்பிடம் உண்டு. யோகி பி முதலியோர் அடங்கிய பொயட்டிக் அம்மோ குழு 1998-இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீசு ஆகிய நான்கு மொழிகளும் ஒலித்தன. பின்னர் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் இணைந்து 'யோகி பி - நட்சத்திரா' என்னும் பெயரில் 2006-இல் 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டனர். அது கடல் கடந்து தமிழகத்திலும் பரவியது. பின்னர் 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017) முதலிய தமிழகத் திரைப்படங்களில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. தமிழகத்திலிருந்து பாட்டை வரவழைத்தே பழகிய நாம், முதன்முறையாக ஒரு பாட்டு வகையை அங்கு அனுப்பிவைத்தோம் என்று கூறுவது மிகையாகாது.

மெட்டும் மறுகலப்பும்

'வல்லவன்' தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற பாடல், 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து' பாடலின் ரீமிக்ஸ் ஆகும். பிறர் பாடலை எடுத்தாளுவது களவல்லவா என்று ஆசிரியர் சிலர் வினவுவர். முறையான இசைவு பெறாமல் எடுப்பது தவறே. அதில் இரு கருத்தில்லை. ஆனால் பழைய மெட்டில் புதுச்சொல் அமைப்பது தமிழுக்குப் புதிதன்று. நாடகப் பாட்டும் தேசியப் பாட்டும் அச்சான பழைய நூல்களைப் புரட்டினால், இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்னும் குறிப்பு பக்கந்தோறும் இருக்கும்.

பாரதியாரே இதற்குச் சான்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் செல்ல விடை கேட்கும் பண்ணையாள் நந்தனை நில உடைமையாளர் ஏசும் பாட்டொன்று உண்டு. அதே மெட்டில், விடுதலை கேட்கும் இந்தியனை வெள்ளை அதிகாரி ஏசுவதாகப் பாரதியார் பாடினார். மெட்டை முன்பே அறிந்தவர் காதில் இரண்டு குரல்களும் ஒன்றாக ஒலித்தன: பண்ணையாளை நீ நடத்தியவாறே உன்னை வெள்ளையன் நடத்துகிறான் என்னும் உண்மை, சொல்லாமலே விளங்கிற்று. மறுகலப்பின் உயர்ந்த பயன் இதுவே. பழைய பாட்டின் நினைவைப் புதிய பாட்டின் பொருளுக்குத் துணையாக்குவது.

இலக்கணப் பார்வைக்கும் சொல்லிசை அயலானதன்று. மோனையும் எதுகையும் இயைபும் அதன் உயிர்நாடி. விரைந்த சந்தத்துக்கு அருணகிரியார் திருப்புகழையும், ஆடலோடு இணைந்த நடைக்கு அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்தையும் கற்பிக்கும் நமக்கு, சொல்லிசையின் கட்டமைப்பைப் புரிந்துகொள்வது அரிதோ? பண்ணத்தி என்று மக்கள் பாட்டுக்கும் செய்யுளியலில் இடமளித்தவர் தொல்காப்பியர். அவருக்கு இருந்த பரந்த மனம் நமக்கு இருக்கலாகாதா?

ஒரு நோட்டுப் புத்தகம்

குறைகளும் உள்ளன. மதுவையும் குண்டர் கும்பலையும் பெருமைப்படுத்தும் பாடல்களும், பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் இவ்விசையில் உண்டு. அவற்றை ஆசிரியர் கண்டிக்கவே வேண்டும். ஆனால் பதரோடு நெல்லையும் வீசியவன் நான். அந்நிகழ்ச்சியைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

2007-ஆம் ஆண்டு என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் கட்டுரைப் பாடத்தில் பத்து வரி எழுதத் திணறுவான். ஒருநாள் வகுப்பில் மேசைக்கடியில் ஒளித்து எழுதிக்கொண்டிருந்த அவனது நோட்டுப் புத்தகத்தைப் பறித்தேன். சொல்லிசைப் பாட்டு மூன்று பக்கம் இருந்தது. அவன் பாட்டி வாழ்ந்த, அப்போது இடிக்கப்பட்டுவிட்ட லயத்தில், முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை யார் யார் குடியிருந்தனர், யாருக்கு என்ன பட்டப்பெயர், யார் எந்த ஊருக்குப் போயினர் என்பதை எதுகையில் அடுக்கியிருந்தான். அதைப் படித்தும், பாட நேரத்தில் ராப் எழுதினான் என்பதற்காக அவனை எல்லார் முன்னும் கண்டித்தேன். புத்தகம் என் மேசை அறையில் கிடந்தது. ஆண்டிறுதியில் பழந்தாளோடு தாளாக அதையும் குப்பைக்கு அனுப்பினேன்.

பல்லாண்டு கழித்துச் சந்தையில் என்னைக் கண்ட அவன் வணங்கி நலம் கேட்டான். பாட்டி இறந்துவிட்டதைக் கூறிய பின், "ஐயா, அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறதா?" என்று வினவினான். நான் வாய் திறக்க இயலாமல் நின்றேன். பாட்டி சொல்லச் சொல்ல எழுதியதாம் அது. அந்த லயத்து மக்களின் பெயர் வரிசை வேறெங்கும் எழுதப்படவில்லை.

2021-ஆம் ஆண்டு அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையே அதற்கு ஊற்று என்று அறிவு கூறினார். ஒப்பாரியும் சொல்லிசையும் அதில் கைகோத்தன. அப்பாடலை முதன்முறை கேட்டபோது என் நினைவுக்கு வந்தது குப்பைக்குப் போன அந்த நோட்டுப் புத்தகமே. ஒரு பேரன் பாட்டியைப் பாடியதை உலகம் கேட்டது. மற்றொரு பேரன் பாட்டியைப் பாடியதை அவன் ஆசிரியனே கேட்கவில்லை.

நம் கடமை

ஆசிரியப் பெருமக்களே! சொல்லிசையைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மாணவர் எழுதும் பாட்டைப் பறிக்குமுன் ஒருமுறை படியுங்கள், பிழையிருப்பின் திருத்துங்கள், நல்லதாயின் படியெடுத்து வையுங்கள். நம் நாட்டில் வெளிவந்த தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்புகளையும் அவற்றின் பாடல் வரிகளையும் பள்ளி நூலகங்களிலும் தமிழ் அமைப்புகளின் காப்பகங்களிலும் திரட்டுவோம். குறுந்தட்டுகள் பழுதாகும், கணினிக் கோப்புகள் அழியும். மாணவ மணிகளே! உங்கள் பாட்டி இன்றும் உயிரோடிருப்பின், அவர் பாடிய தோட்டத்துப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நாளை நீங்கள் கட்டும் புதிய பாட்டுக்கு அதைவிடச் சிறந்த மெட்டு கிடைக்காது.

தப்பின் சொற்களை இழந்தோம். சொல்லிசையின் சொற்களையாவது காப்போம்.