கெடு வைத்த சட்டமும் கெடு இல்லாத சட்டமும்

1971 ஆகஸ்ட் 15 அன்று, டாலருக்குத் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்திய அதே உரையில், இறக்குமதிப் பொருள்கள் மீது 10 சதவீதக் கூடுதல் வரியையும் அறிவித்தார் அதிபர் நிக்சன். வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சாசனம் நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. ஜிப் இறக்குமதி செய்துவந்த யோஷிடா நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. முதல் உலகப் போரின்போது, 1917-ல், எதிரி நாடுகளுடனான வணிகத்தைத் தடுக்க இயற்றி, 1933-ல் அமைதிக் காலத்துக்கும் நீட்டிய சட்டத்தை அரசுத் தரப்பு துணைக்கு அழைத்தது. 1974-ல் சுங்க நீதிமன்றம் அந்த வரி செல்லாது என்றது. 1975-ல் மேல்முறையீட்டில் அரசு வென்றது. வரியோ 1971 டிசம்பரிலேயே விலக்கப்பட்டிருந்தது. கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும்.

அதிபரின் இத்தகைய அவசர அதிகாரத்துக்குக் காங்கிரஸ் இரண்டு விதமான கடிவாளங்களைச் செய்தது. 1974 வர்த்தகச் சட்டத்தின் 122-வது பிரிவு, அயல்நாட்டுச் செலுத்துநிலை (balance of payments) நெருக்கடியில் அதிபர் 15 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம் என்றது. 150 நாள் கழித்தும் அது தொடர வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். 1976-ன் தேசிய நெருக்கடிநிலைச் சட்டம் வேறு வழியில் போனது: அதிபர் அறிவித்த நெருக்கடியை இரு அவைகளும் தீர்மானம் போட்டு முடிக்கலாம், அவரது கையெழுத்து தேவையில்லை. அடுத்த ஆண்டு வந்த பொருளாதார அவசர அதிகாரச் சட்டம் இதையே நம்பி நின்றது. முன்னதில் காங்கிரஸ் சும்மா இருந்தால் வரி போய்விடும். பின்னதில் சும்மா இருந்தால், அதிபர் விரும்பும்வரை நெருக்கடி நீடிக்கும். அவசர அதிகாரத்துக்குக் கெடு வேண்டும் என்ற என் வாதமெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஏனென்றால் இரண்டாவது கடிவாளம் ஏழே ஆண்டில் அறுந்தது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சத்தாவின் நாடு கடத்தல் வழக்கில், 1983-ல் உச்ச நீதிமன்றம், அதிபரின் கையெழுத்தில்லாத இத்தகைய ரத்துத் தீர்மானங்கள் செல்லாது என்றது. குடியேற்றத் துறை வழக்கு, இறக்குமதி வரியின் வரலாற்றையே திருப்பியது. 1985-ல் சட்டம் திருத்தப்பட்டு, தீர்மானம் அதிபரின் மேசைக்குப் போகும்படி ஆயிற்று. அவர் வீட்டோ செய்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2019-ல், மெக்சிகோ எல்லைச் சுவருக்காக அதிபர் டிரம்ப் அறிவித்த நெருக்கடியை முடிக்க இரு அவைகளும் வாக்களித்தன. அவர் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் 248-க்கு 181 கிடைத்தும் போதவில்லை.

நெருக்கடியில் வேகம் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும். ஆனால் வேகம் தொடக்கத்துக்குத்தான் தேவை. நிக்சனின் வரியே நான்கு மாதம்தான் இருந்தது. 150 நாள் கெடுவுக்குள் தாராளமாக அடங்கியிருக்கும். காங்கிரஸே கொடுத்த அதிகாரத்தைக் காங்கிரஸே திரும்பப் பெறலாமே என்பது அடுத்த மறுப்பு. அதற்கும் சட்டம்தான் வேண்டும். அதுவும் அதே வீட்டோவைத் தாண்டியாக வேண்டும். அதுமட்டுமல்ல, பெரும்பான்மைக் கட்சிக்கு ஓட்டெடுப்பைத் தவிர்க்கவே விருப்பம் வரலாம். 2025 ஏப்ரலில் கனடா மீதான வரிக்கு அடிப்படையான நெருக்கடியை முடிக்க செனட் 51-48 என வாக்களித்தது. பிரதிநிதிகள் சபையோ அதற்கு முந்தைய மாதமே விதி ஒன்றை நிறைவேற்றியிருந்தது: இத்தகைய தீர்மானத்துக்குச் சட்டம் வைத்த கால வரம்பைக் கணக்கிடும்போது, அந்தக் கூட்டத்தொடரில் மீதமிருந்த நாள்கள் எதையும் நாளாக எண்ணக் கூடாது.