"சும்மா உட்காருங்க": ஒரு வைத்தியம் காலாவதியான கதை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்... எந்த ஏரியாவாக இருந்தாலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம் இது: "பாட்டி, சும்மா ஒரு இடத்துல உக்காருங்க. கீழ விழுந்தா என்ன ஆகறது?" பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மருத்துவ உலகம் இந்த அறிவுரையை எப்போதோ கைவிட்டுவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இங்கிலாந்து. 1935-ல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற டாக்டரின் பொறுப்பில், பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிகள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். பலர் வருடக்கணக்காகப் படுத்த படுக்கை. 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று விடப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். உட்கார வைத்தார், நிற்க வைத்தார், நடக்க வைத்தார். நிறைய பேர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறை வளர்ந்தது இப்படித்தான்.

அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென தனி புறநோயாளிகள் பிரிவு தொடங்கியது. 1988-ல் தனி வார்டு. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பு; இந்தப் பாடத்தில் இந்தியாவிலேயே முதலாவது!

அதே காலத்தில் சென்னையில் இன்னொருவரும் இருந்தார். யோகாசிரியர் டி.கிருஷ்ணமாச்சாரியா. அவரவர் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்றபடிதான் பயிற்சி என்பது அவர் கொள்கை. 96 வயதில் அவருக்கே இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையிலேயே செய்யும்படி தனக்கொரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். நூறு வயதைத் தாண்டி 1989-ல் காலமானார். (ஆபரேஷனை மறுத்ததை யாரும் பின்பற்ற வேண்டாம்! படுத்தபோதும் உடம்பை அசைத்ததுதான் இங்கே விஷயம்.)

சரி, உடற்பயிற்சி செய்தால் விழுவது குறையும் என்பதற்கு ஆதாரம்? நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் 80 வயது தாண்டிய 233 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்ப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். 1997-ல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் பயிற்சி இல்லாத குழு விழுந்தது 152 தடவை. பயிற்சி செய்த குழு 88 தடவை.

பயிற்சி என்றால் ஜிம் சமாச்சாரம் இல்லை. நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது, நுனிக்காலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடப்பது. இவ்வளவுதான். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம்.

காரணமும் எளிது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நடமாட்டம் குறைகிறது. நடக்காத காலில் தசை இளைக்கிறது. இளைத்த கால் தடுமாறுகிறது, விழ வைக்கிறது. பயம் இன்னும் கூடுகிறது. நாம் 'உட்காருங்க' என்று சொல்லும்போது இந்தச் சக்கரத்தைத்தான் சுற்றி விடுகிறோம்.

இன்று உதவிக்கும் வழி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டிக்குப் போய்விடலாம்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். ஜன்னல் கம்பியோ சமையல் மேடையோ நல்லது. முதல் சில நாள் பக்கத்தில் நாமும் நிற்கலாம். அவர்கள் நமக்கு நடை பழக்கியவர்கள்தானே?

உங்கள் வீட்டில் எப்படி? சொல்லுங்கள்.