ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுத் தயாரிப்பு

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுத் தயாரிப்பு என்பது, ஐ.இ.எல்.டி.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு ஆங்கிலமொழித் தேர்வை எழுத விரும்புவோர் அதற்கு முன் மேற்கொள்ளும் கற்றலையும் பயிற்சியையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இத்தேர்வின் பெயர் ஐயெல்ட்ஸ் என ஒலிக்கப்படுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் உயர்கல்வி, தொழிற்பதிவு, குடியேற்றம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது தமது மொழித்திறனுக்குச் சான்றாக இத்தேர்வின் முடிவைச் சமர்ப்பிக்கின்றனர்.

இத்தேர்வுக்கெனப் பாடநூல் எதுவும் இல்லை. ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள மொழித்திறனை இது அளவிடுகிறது. ஆகவே, தேர்வுக்கு முந்தைய சில நாட்களில் படித்து முடிக்கும் முறை இதற்குப் பொருந்துவதில்லை. நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் எனப் பல மாதங்கள் தொடரும் பயிற்சியே இதற்கு ஏற்றதாகும்.

வரலாறு

இத்தேர்வின் முன்னோடி 1980 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத் தேர்வு அமைப்பும் இணைந்து அதனை நடத்தின. பின்னர் ஆசுத்திரேலியாவின் ஐ.டி.பி. நிறுவனமும் சேர்ந்துகொள்ள, 1989 இல் இன்றைய பெயருடன் புதிய தேர்வு அறிமுகமானது. தொடக்கத்தில் வாசித்தல், எழுதுதல் ஆகிய பகுதிகள் தேர்வர்களின் பாடத்துறைக்கேற்ப வெவ்வேறாக இருந்தன. 1995 இல் அவை நீக்கப்பட்டு, உயர்கல்விக்குச் செல்வோர் அனைவருக்கும் ஒரே வகைத் தாள் வழங்கப்பட்டது. பேசுதல் பகுதி 2001 இல் திருத்தியமைக்கப்பட்டது.

தேர்வின் அமைப்பு

தேர்வு இரு வகைப்படும். உயர்கல்விக்கும் சில தொழிற்பதிவுகளுக்கும் உரியது கல்வி வகை. குடியேற்றம், பணி முதலியவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பொது வகை. கேட்டல், பேசுதல் ஆகியவை இரண்டிற்கும் பொதுவானவை. வாசித்தலும் எழுதுதலும் வேறுபடும்.

* கேட்டல்: 4 பகுதிகள், 40 வினாக்கள், சுமார் 30 நிமிடங்கள். ஒலிப்பதிவு ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். தாள் வழித் தேர்வில் விடைகளைப் படியெடுக்க மேலும் 10 நிமிடங்கள் உண்டு. கணினி வழித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடங்களே கிடைக்கும்.
* வாசித்தல்: 40 வினாக்கள், 60 நிமிடங்கள். கல்வி வகையில் 3 நீண்ட பத்திகள் தரப்படும். படியெடுக்கக் கூடுதல் நேரம் கிடையாது.
* எழுதுதல்: 2 பணிகள், 60 நிமிடங்கள். முதற்பணிக்குக் குறைந்தது 150 சொற்களும் இரண்டாம் பணிக்குக் குறைந்தது 250 சொற்களும் எழுத வேண்டும். இரண்டாம் பணிக்கு முதற்பணியைப் போல இருமடங்கு மதிப்பு உண்டு.
* பேசுதல்: மதிப்பீட்டாளருடன் 11 முதல் 14 நிமிடங்கள் வரை நேர்காணல். இதன் இரண்டாம் பகுதியில், தரப்படும் தலைப்பைப் பற்றி 1 நிமிடம் சிந்தித்து, 2 நிமிடங்கள் வரை தொடர்ந்து பேச வேண்டும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே எந்த வினாவையும் விடையின்றி விடுதல் ஆகாது.

பேண்ட் கணக்கீடு

முடிவு 0 முதல் 9 வரையான பேண்டுகளில், அரைப் பேண்ட் இடைவெளியுடன் தரப்படுகிறது. நான்கு திறன்களுக்கும் தனித்தனிப் பேண்டும், அவற்றின் சராசரியாக ஒட்டுமொத்தப் பேண்டும் வழங்கப்படும். சராசரியின் பின்னம் 0.25 எனில் அடுத்த அரைப் பேண்டாகவும், 0.75 எனில் அடுத்த முழுப் பேண்டாகவும் உயர்த்தப்படும். கேட்டலில் 40 இல் 23 விடைகள் சரியாக இருந்தால் ஏறத்தாழ 6.0 பேண்டும், 30 சரியாக இருந்தால் ஏறத்தாழ 7.0 பேண்டும் கிடைக்கும். கல்வி வகை வாசித்தலிலும் நிலை இதுவே. பொது வகை வாசித்தலில் அதே பேண்டைப் பெறக் கூடுதல் விடைகள் சரியாக இருக்க வேண்டும்.

பல நிறுவனங்கள் ஒட்டுமொத்தப் பேண்டுடன் ஒவ்வொரு திறனுக்கும் குறைந்தபட்ச அளவையும் நிர்ணயிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு தேர்வர் கேட்டலில் 7.0, வாசித்தலில் 6.5, எழுதுதலில் 5.5, பேசுதலில் 6.5 பெறுவதாகக் கொண்டால் சராசரி 6.375 ஆகும், ஒட்டுமொத்தப் பேண்ட் 6.5 ஆகும். ஆயினும், எத்திறனிலும் 6.0 இற்குக் குறையக்கூடாது என விதிக்கும் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்காது. ஐக்கிய இராச்சியத்தின் செவிலியர் பதிவு மன்றம் நான்கு திறன்களிலும் 7.0 கோரி வந்தது. 2018 இன் இறுதியில் எழுதுதலுக்கு மட்டும் அதனை 6.5 ஆகக் குறைத்தது. எனவே வலுவான திறனை மேலும் வளர்ப்பதைவிட நலிந்த திறனுக்கு நேரம் ஒதுக்குவது இன்றியமையாதது.

தேவைப்படும் காலம்

ஐரோப்பிய மொழித்தர வரையறையில் பி2 நிலையானது 5.5 முதல் 6.5 வரையான பேண்டுகளுக்கும், சி1 நிலையானது 7.0 முதல் 8.0 வரையான பேண்டுகளுக்கும் ஒப்பாகக் கருதப்படுகிறது. தொடக்க நிலையிலிருந்து பி2 நிலையை அடைய 500 முதல் 600 மணிநேரமும், சி1 நிலையை அடைய 700 முதல் 800 மணிநேரமும் வழிகாட்டுதலுடன் கூடிய கற்றல் தேவை எனக் கேம்பிரிட்ச் தேர்வு அமைப்பு மதிப்பிடுகிறது. அதாவது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்ல ஏறத்தாழ 200 மணிநேரம் ஆகும்.

இக்கணக்கின்படி, நாளொன்றுக்கு 1 மணிநேரம் படிப்பவருக்குச் சுமார் 200 நாட்களும், 2 மணிநேரம் படிப்பவருக்குச் சுமார் 100 நாட்களும் தேவைப்படும். இது ஆளுக்கு ஆள் வேறுபடும். எனினும் விண்ணப்பத்தின் இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தயாரிப்பைத் தொடங்கும் நாளை முடிவு செய்ய இது உதவும். அரைப் பேண்ட் மட்டும் குறைவாக உள்ளவருக்குச் சில வாரங்கள் போதுமானதாக இருக்கலாம். இரண்டு பேண்டுகள் குறைவாக உள்ளவர் ஒரு மாதப் பயிற்சியை நம்பித் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்துவது பெரும்பாலும் இழப்பிலேயே முடியும்.

நாள்தோறும் படித்தலின் அடிப்படை

ஒரே அளவு நேரத்தைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து படிப்பது, ஒரே நாளில் சேர்த்துப் படிப்பதைவிட நினைவில் நீடிக்கும். செருமானிய உளவியலாளர் எர்மான் எபிங்காசு 1885 இல் வெளியிட்ட நினைவு பற்றிய நூலிலேயே இவ்விளைவு சுட்டப்பட்டுள்ளது.

2006 இல் என்றி ரோடிகர், செஃப்ரி கார்ப்பிக்கே ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். பத்தியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் முன்னிலை பெற்றனர். ஒரு வாரத்திற்குப் பின் நடந்த தேர்விலோ, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முன்னிலை பெற்றனர். சொற்பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பட்டியலை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்ப்பது சிறந்தது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

ஒரு நாளுக்கான பயிற்சி

நாள்தோறும் 2 மணிநேரம் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கான மாதிரித் திட்டம் பின்வருமாறு:

* 10 நிமிடங்கள்: முந்தைய நாட்களின் பிழைக்குறிப்பேட்டை மூடிவைத்து நினைவுகூர்தல்.
* 30 நிமிடங்கள்: கேட்டலில் ஒரு பகுதி. முதலில் தேர்வைப் போல ஒருமுறை மட்டும் கேட்டு விடையளித்தல். பின்னர் உரைவடிவத்துடன் ஒப்பிட்டு, தவறவிட்ட இடத்தை மீண்டும் கேட்டல்.
* 40 நிமிடங்கள்: வாசித்தலில் ஒரு பத்தி. 20 நிமிடங்களில் விடையளித்து, எஞ்சிய 20 நிமிடங்களில் ஒவ்வொரு தவறுக்கும் காரணம் காணல்.
* 30 நிமிடங்கள்: எழுதுதல். ஒரு நாள் புதிய கட்டுரை, மறுநாள் அதே கட்டுரையைத் திருத்தி மீண்டும் எழுதுதல்.
* 10 நிமிடங்கள்: ஒரு தலைப்பில் 2 நிமிடங்கள் பேசிப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து, மீண்டும் பேசுதல்.

வாரத்திற்கு ஒருமுறை முழு மாதிரித் தேர்வு ஒன்றை நேரக் கட்டுப்பாட்டுடன் எழுதலாம். நேரம் குறைவாக உள்ளவர்கள் இத்திட்டத்தை இரண்டு நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

பிழைக்குறிப்பேடு

பயிற்சியில் நிகழும் ஒவ்வொரு தவறையும் அதன் காரணத்துடன் குறித்து வைக்கும் ஏடு பிழைக்குறிப்பேடு ஆகும். "வாசித்தல்: 40 இல் 24" என்று மட்டும் குறிப்பதால் பயன் இல்லை. சொல்லின் பொருள் தெரியாமை, வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டமை, எழுத்துப்பிழை, நேரமின்மை எனக் காரணங்களை வகைப்படுத்தினால், எவ்வகைப் பிழை மிகுதி என்பது இரண்டு மூன்று வாரங்களில் தெரியவரும். பின்னர் வரும் நாட்களின் பயிற்சியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சொல்வளத்தைப் பெருக்க, நியூசிலாந்தின் ஆவரில் காக்சுகெட் 2000 இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. இதில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 5 வீதம் கற்றால் 114 நாட்களில் இதனை நிறைவு செய்யலாம்.

தமிழ் பேசுவோர் கவனிக்க வேண்டியவை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தேர்வர்களுக்குச் சில இடர்ப்பாடுகள் இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டால் எழுகின்றன.

* தமிழ் எழுத்துமுறை வல்லொலியையும் அதன் மெல்லிய இணையையும் வேறுபடுத்துவதில்லை. குண்டூசியைக் குறிக்கும் 'பின்', குப்பைத் தொட்டியைக் குறிக்கும் 'பின்' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களும் தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் இவ்வொலி வேறுபாடு பொருளை மாற்றிவிடும்.
* தமிழில் பத்து மரம் என ஒருமையில் கூறுவது இயல்பு. ஆங்கிலத்தில் பன்மை விகுதி கட்டாயம். கேட்டல் பகுதியில் பன்மை விகுதியை விட்டால் விடை தவறாகக் கொள்ளப்படலாம்.
* 'எ', 'ஆன்', 'த' ஆகிய சுட்டுச்சொற்களுக்கு நேரான வழக்கு தமிழில் இல்லை. ஆதலால் எழுதும்போது அவை விடுபடுகின்றன. எழுதி முடித்தபின் இவற்றுக்காக மட்டும் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.
* தமிழில் வினைச்சொல் தொடரின் இறுதியில் வரும். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது பேச்சில் தயக்கமும் இடைநிறுத்தமும் மிகுகின்றன.

தமிழில் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறானவை என்பதைத் தமிழர் இயல்பாகவே அறிவர். ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு ஓரளவு உண்டு. கட்டுரையில் எழுதும் நீண்ட தொடர்களை நேர்காணலில் ஒப்பித்தால் பேச்சு செயற்கையாக அமையும். பேச்சுக்குரிய சுருக்கங்களைக் கட்டுரையில் எழுதினால் நடை தாழும். ஆகவே இரண்டையும் தனித்தனியே பயில வேண்டும்.

மனப்பாட விடைகள்

ஆயத்தக் கட்டுரைகளையும் தொடர்களையும் மனப்பாடம் செய்யும் வழக்கம் தேர்வர்களிடையே காணப்படுகிறது. எழுதுதல் நான்கு அளவைகளால் மதிப்பிடப்படுகிறது. அவை வினாவுக்குப் பொருந்திய விடை, கருத்தொழுங்கும் தொடர்பும், சொல்வளம், இலக்கணப் பரப்பும் பிழையின்மையும் என்பனவாகும். மனப்பாடமான பகுதி பெரும்பாலும் கேட்கப்பட்ட வினாவுக்குப் பொருந்துவதில்லை. எஞ்சிய பகுதியின் நடையிலிருந்தும் வேறுபட்டு நிற்கும். விடை முழுவதும் மனப்பாடம் என்பதற்குச் சான்று இருப்பின், அதற்கு 0 பேண்ட் வழங்க மதிப்பீட்டு விதிகள் இடமளிக்கின்றன.

மாதிரித் தேர்வுகளை மட்டும் அடுத்தடுத்து எழுதுவதும் இத்தகையதே. அது இருக்கும் திறனை அளந்து காட்டும், திறனை வளர்க்காது. மதிப்பெண் நீண்ட நாட்கள் மாறாமல் நின்றால், மாதிரித் தேர்வுகளைக் குறைத்து, ஆங்கில நூல்களையும் நாளிதழ்களையும் வாசித்தல், உரைகளைக் கேட்டல் ஆகியவற்றுக்கு நேரத்தைத் திருப்புவது பொருத்தமானது.

முடிவின் காலமும் மறுதேர்வும்

தேர்வு முடிவு வழக்கமாக 2 ஆண்டுகளுக்கே ஏற்கப்படுகிறது. எனவே தேவைக்கு மிக முன்னதாகவே தேர்வை எழுதிவிடுதலும் தகாது. முதல் தேர்வுக்கும் மறுதேர்வுக்கும் இடையே 90 நாட்கள் கழிய வேண்டும் என்ற விதி 2006 இல் நீக்கப்பட்டது. 2022 இல், ஒரு திறனை மட்டும் மீண்டும் எழுதும் வசதி ஆசுத்திரேலியாவில் தொடங்கப்பட்டுப் பின் வேறு நாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இதனை முதல் தேர்வு நடந்த 60 நாட்களுக்குள் எழுத வேண்டும். எல்லா நிறுவனங்களும் இம்முடிவை ஏற்பதில்லை என்பதால், பதிவு செய்யுமுன் உரிய நிறுவனத்திடம் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* டோஃபல்
* ஐரோப்பிய மொழித்தர வரையறை
* ஆங்கில இலக்கணம்
* இரண்டாம் மொழி கற்றல்