கழுவப்படாத கைகள்



1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயின்றார்கள். மாணவர்களின் பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு மிகுதியாய் மாண்டார்கள். அங்கே அனுப்ப வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சி அழுதார்கள். கெட்ட காற்றே காரணம் என்று கற்றோர் பலர் எண்ணினார்கள்.

அங்கு பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸுக்கு ஒரு துக்கத்தின் வழியாய் உண்மை விளங்கிற்று. அவருடைய நண்பர் கொலெச்கா பிணப் பரிசோதனை செய்கையில், மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டது. சிறு காயந்தான், ஆயினும் சில நாட்களில் அவர் மரித்தார். இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அடையாளங்களே அவருடைய உடலிலும் காணப்பட்டன. பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு மரணத்தைச் சுமந்து வந்தவை மருத்துவர்களின் கைகளே! குளோரின் சுண்ணாம்பு கலந்த நீரில் கை கழுவும்படி அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் 100-க்கு 18-ஆக இருந்த இறப்பு ஜூனில் 2-ஆகக் குறைந்தது. எனினும், குற்றம் தங்கள் கையில் இருந்ததென்று ஒப்புக்கொள்ள மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. 1865-இல் செம்மல்வைஸும் காயத்தில் ஏறிய நஞ்சினாலேயே இறந்தார்.

இதனை இன்று செப்சிஸ் என்கிறார்கள். கிருமியை எதிர்க்க எழும்பும் உடலின் காவற்படை கட்டுக்கடங்காமல் போய்ச் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது, சிறுநீரகமும் நுரையீரலும் தளர்கின்றன.

பாகூர் வயலில் காலில் தைத்த முள், சர்க்கரை நோயாளியின் பாதப் புண், சிறுநீர்த் தொற்று, உண்ணிக் காய்ச்சல் ஆகிய எதிலிருந்தும் இது தொடங்கலாம். குளிர் நடுக்கம், வேகமான மூச்சு, சிறுநீர் குறைதல், பேச்சுக் குழறல், மனக்குழப்பம் ஆகியவற்றைக் கவனியுங்கள். முதியோருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்து, இயன்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்துவார்கள். நரம்பு வழியாய் நீர் ஏற்றுவார்கள். சீழ் இருந்தால் அகற்றுவார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைக் கூட்டும்.

1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், வில்லியனூருக்கும் பாகூருக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் மஞ்சள் பற்று போட்டு, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, விடியட்டும் என்று காத்திருக்கிறோம். விசுவாசத்தின் பெயராலும் சிலர் காத்திருப்பதுண்டு. நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அந்த மனிதனைச் சத்திரம்வரை கொண்டு சேர்த்தான். ஆகவே 108-ஐ அழையுங்கள். ஜெபித்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.