அரங்கம் எழுந்து நின்ற நாள்

"பெண்கள் ஆடினால் யார் பார்க்க வருவார்கள்?" விளையாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் கேட்டுச் சலித்த கேள்வி இது. இதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரு தேதி: 2019 மார்ச் 31.

அன்று அடிலெய்டு ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்தின் தேசிய மகளிர் லீக் இறுதிப் போட்டி நடந்தது. அடிலெய்டும் கார்ல்டனும் மோதின. முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கைமுட்டியால் தட்டியும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே பெண்கள் இதை ஆடியிருக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்கென்று தேசிய லீக் வந்தது 2017இல்தான்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, கார்ல்டன் வீராங்கனை டெய்லா ஹாரிஸ் காலை உயரத் தூக்கிப் பந்தை உதைக்கும் படம் இணையத்தில் வெளியானது. அதன் கீழே ஆபாச வசைகள் குவிந்தன. ஒளிபரப்பு நிறுவனம் படத்தையே நீக்கியது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டு மீண்டும் வெளியிட்டது. நமக்குப் பழகிய நியாயம்தான்: சீண்டுபவனை விட்டுவிட்டுப் பெண்ணை உள்ளே போகச் சொல்வது.

ஹாரிஸ் உள்ளே போகவில்லை. இறுதிப் போட்டியில் ஆடினார். பார்க்க வந்தவர்கள் 53,034 பேர். அனுமதி இலவசம் என்று இதைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. விருப்பமில்லாத ஒன்றுக்காக யாரும் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பதில்லை.

அடிலெய்டு 63–18 என்று வென்றது. ஆனால் நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வெற்றிக்காக அல்ல. மூன்றாம் கால்பகுதியில் அடிலெய்டின் இணைத்தலைவி எரின் பிலிப்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் அவரைக் கொண்டுபோனபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையாகவும் அவரே தேர்வானார்.

பிலிப்ஸின் தந்தை இதே ஆட்டத்தில் பெயர்பெற்றவர். மகளும் சிறுவயதில் பையன்களோடு ஆடினார். 13 வயதோடு அது நின்றது. பெண்ணாக அந்த ஆட்டத்தில் மேலே போக வழியில்லை. கூடைப்பந்துக்குப் போய் ஒலிம்பிக் வரை ஆடினார். மகளிர் லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 31.

அந்தக் கைதட்டலைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு கோபமும் வருகிறது. வழியை அடைத்து வைத்துக்கொண்டு, யாரும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். பிலிப்ஸ் திரும்பி வந்தார். 13 வயதில் நிறுத்தப்பட்டுத் திரும்பவே முடியாமல் போன பெண்கள் எத்தனை பேர்? அவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.