கொள்ளைநோயும் கருவுற்ற தாயும்

1905-ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் பிளேக் நோய் பரவியது. மலைமீது விருபாட்ச குகையில் வாழ்ந்து வந்த இரமண மகரிஷி அப்போது வடகிழக்கு அடிவாரத்திலுள்ள பச்சையம்மன் கோவிலுக்கு இடம் பெயர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதங்கள் அங்கே தங்கியிருந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஊரார் பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறிய காலம் அது. துறவி ஒருவர் எங்கே தங்கினார் என்பது நமக்குத் தெரிகிறது. அதே மாதங்களில் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டுச் சென்ற குடும்பங்களில் நிறைமாதப் பெண்கள் எத்தனை பேர், எந்தக் கொட்டகையில் அவர்கள் பிள்ளை பெற்றார்கள், மருத்துவச்சி உடன் சென்றாளா என்பன எழுதப்படவில்லை.

யார்மீதும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொள்ளைநோயின் வரலாறு எங்குமே இப்படித்தான் எழுதப்பட்டுள்ளது. இறந்தோர் எண்ணிக்கை உண்டு, அரசாணைகள் உண்டு. நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலுங்கூடப் பெயரும் நாளும் உண்டு. வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு, 'நான் பிழைப்பேனா, பிள்ளை பிழைக்குமா' என்று விழித்துக் கிடந்தவளின் மனத்துக்கு எந்த ஏட்டிலும் பத்தி கிடையாது.

மலையடிவார வரலாற்றில் பெண்களின் துயரம் அறவே இடம்பெறவில்லை என்றும் சொல்ல இயலாது. கணவனையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த எச்சம்மாள் என்னும் பெண்மணி, ஆறுதல் தேடி மலையேறி மகரிஷியிடம் வந்தார். தம் வாழ்நாள் இறுதிவரை அவருக்கு அன்றாடம் உணவு கொண்டுவந்து கொடுத்தார். செங்கம் சாலையிலுள்ள இரமணாசிரமமே ஒரு தாயின் கல்லறையைச் சுற்றி எழுந்ததுதான். 1922 மே 19 அன்று அன்னை அழகம்மாள் உயிர் பிரியும்வரை, மகன் அவர் அருகிலேயே அமர்ந்து, ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்திருந்தார் என்பர். ஆனால் எச்சம்மாளால் மலையேற முடிந்தது. ஆகவே அவர் கதை நமக்குக் கிடைத்தது. ஏழாம் மாதத்தில், நோய் சூழ்ந்த தெருவில், வாசலைக்கூடத் தாண்ட முடியாதவளின் கதை வீட்டோடு நின்றுவிட்டது.

பிளேக்கைவிடக் கொடியது 1918-இல் வந்த இன்புளுயன்சா. அவ்வாண்டு கோடையில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டாம் அலையாக நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. பம்பாய் மாகாணத்தோடு ஒப்பிடச் சென்னை மாகாணத்தில் சாவு குறைவுதான். ஆயினும் போர்க்காலத்து விலையேற்றம் மக்களை வாட்டிய நேரம் அது. 1918 செப்டம்பரில் சென்னையிலும் மாகாணத்தின் பிற ஊர்களிலும் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன. பசியும் காய்ச்சலும் ஒரே வாசலில் வந்து நின்றன.

அந்நோய் முதியோரைவிட இளம் வயதினரையே மிகுதியாக வாரிச் சென்றது. நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தனர். நோயுற்றோரைப் பேணுபவளும், கடைசியாக உண்பவளும், காற்றோட்டமில்லாத அறையில் அடைந்து கிடப்பவளும் அவள்தானே! 1919-இல் பிறப்பு எண்ணிக்கை வெகுவாகச் சரிந்ததில் கலைந்த கருக்களுக்கும், கருவோடு மாண்ட தாயருக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் ஹாரிஸ் என்னும் மருத்துவர், இந்நோய் கண்ட 1,350 கருவுற்ற பெண்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1919-இல் வெளியிட்டார். அவர்களுள் 27 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். உடலைப் பற்றிய கணக்கு இவ்வளவாவது உண்டு. பிழைத்தெழுந்து, இறந்த பிள்ளையைப் பெற்று, அடுத்த நாளே அடுப்படிக்குத் திரும்பியவளின் உள்ளம் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

அக்காலத்தில் மனநல மருத்துவம் ஏது என்று வாசகர் கேட்கலாம். மருத்துவம் இல்லை, மரபு இருந்தது. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு, பின் தாய்வீட்டுப் பயணம், பேறுகாலம் முடிந்து சில மாதங்கள் அங்கேயே ஓய்வு என நம் முன்னோர் வகுத்த முறையைச் சடங்கு என்று மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பலமுறை பெற்றெடுத்த பெண்கள் கூடி அமர்ந்து, வளையல் பூட்டி, கேலி பேசி, ஐந்து வகைச் சோறு ஊட்டுகையில், 'நாங்கள் கடந்து வந்தோம், நீயும் கடப்பாய்' என்ற உறுதி முதல் பிள்ளைக்காரிக்குச் சொல்லாமலே கிடைக்கிறது. அம்முறைக்குள்ளும் கசப்புகள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சீர்வரிசைக் கணக்கும், ஆண் பிள்ளைக்கான எதிர்பார்ப்பும் அவற்றுள் சில. இருப்பினும் அஞ்சும் பெண்ணைத் தனியே விடாதிருத்தல் என்ற ஒன்றை அது காத்துவந்தது.

இதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் இருக்கும் கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஓர் ஆய்வு நடத்தி 2002-இல் வெளியிட்டனர். கருவுற்ற இறுதி மாதங்களில் 359 பெண்களைச் சந்தித்து, பேறுகாலத்துக்குப் பின் மீண்டும் கண்டு பேசினர். பிள்ளை பெற்றபின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காட்டினர். காரணங்களாக அவர்கள் கண்டவை நாம் அறிந்தவையே: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், கைவேலைக்கு உதவுவார் இல்லாமை. கொள்ளைநோய் எதுவும் இல்லாத, அமைதியான காலத்துக் கணக்கு இது.

இப்பட்டியலை மனத்தில் இருத்திக்கொண்டு 2020-ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. இரமணாசிரமம் வெளியாருக்குக் கதவை மூடியது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பதற்கு மாவட்ட நிர்வாகம் மாதந்தோறும் தடை விதித்தது. 2020 நவம்பர் 29 அன்று கார்த்திகைத் தீபம் வெளியூர்க் கூட்டமின்றி மலையுச்சியில் ஏற்றப்பட்டது. ஆசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் பூ விற்போர், தேநீர்க் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், தங்கும் விடுதிகளில் துப்புரவு செய்வோர், வெளிநாட்டினர் வீடுகளில் சமைப்போர் ஆகிய அனைவருக்கும் வருவாய் யாத்திரிகரிடமிருந்தே வந்தது. அது நின்றது. 'குறைந்த வருமானம்' என்று ஆய்வேட்டில் இரு சொற்களில் முடிவது, இங்கே வீடு வீடாக நுழைந்தது.

வருமானத்தைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது இன்னொன்று. மாவட்ட எல்லையைக் கடக்க 'இ-பாஸ்' வேண்டியிருந்தது. திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு அது வழங்கப்பட்டது. வளைகாப்பு அப்பட்டியலில் இல்லை. 2020 செப்டம்பர் 1 அன்று மாநிலத்துக்குள் இம்முறை நீங்கும்வரை, மகளை அழைத்துவரப் பிறந்தகத்தாரும், பிறந்தகம் செல்ல மகளும் திண்டாடினர். விதிகளை எழுதியோர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் தாய்வீட்டுப் பயணம் மருத்துவத் தேவையே என்பது எவருக்கும் தோன்றவில்லை.

அச்சத்துக்கு வேறு வாயில்களும் திறந்தன. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழும், ஐந்து நாள்களுக்குள் பேறுகாலம் எதிர்பார்க்கப்படும் பெண்களுக்கு, அறிகுறி இல்லாவிடினும் பரிசோதனை செய்ய வேண்டும் என 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவுறுத்தியது. தேவையான நடவடிக்கைதான். ஆனால் 'பாசிட்டிவ்' என்று வந்தால் பிள்ளையைக் கையில் தருவார்களா, பாலூட்டலாமா, தெருவை அடைத்துவிடுவார்களா என்னும் கேள்விகளை அவள் தன்னந்தனியே சுமந்தாள். தாயையும் சேயையும் பிரிக்க வேண்டியதில்லை, பாலூட்டலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறியிருந்தது. அச்செய்தி அக்கம்பக்கத்தார் பேச்சைவிட மெதுவாகவே வந்து சேர்ந்தது.

தடுப்பூசியும் அவ்வாறே. 2021 ஜனவரி 16-இல் நாடு முழுவதும் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் கருவுற்றோர் சேர்க்கப்படவில்லை. ஜூலை 2 அன்றுதான் நடுவண் அரசு அனுமதித்தது. இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில்தான் இரண்டாம் அலை வீசியது. மற்றவர்க்குக் கிடைத்த காப்பு தனக்கு இல்லை என்ற நிலையில் அவள் அம்மாதங்களைக் கழித்தாள். அனுமதி வந்தபின், நேற்றுவரை வேண்டாம் என்றதை இன்று போடச் சொல்கிறார்களே என்று பல வீடுகளில் தயங்கினார்கள். அத்தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது, நியாயம் ஆகாது.

17 நாடுகளிலிருந்து 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, பெருந்தொற்றுக் காலத்தில் தாய்மாரின் மனச்சோர்வு கூடியதையும், குழந்தை இறந்தே பிறப்பது மிகுந்ததையும் எடுத்துக்காட்டியது. 1919-இல் ஒருவரும் கேட்காத கேள்வியை இம்முறை மருத்துவ உலகம் கேட்டது என்ற அளவில் இது முன்னேற்றமே. 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய 'டெலி-மானஸ்' தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் எவரும் கட்டணமின்றி, தமிழிலேயே பெறலாம். பிள்ளை பெற்ற வீட்டில் அவ்வெண்ணை யாராவது எழுதி வைத்தால் நன்று.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களின் தாய்மார் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். 1918-இன் தாயரைக் கேட்க இனி வழியில்லை, இவர்களைக் கேட்கலாம். எத்தனையாம் மாதத்தில் ஊரடங்கு வந்தது, வளையல் பூட்டியது யார், மருத்துவமனை வாசலில் உடன் நின்றது யார், இரவில் எதை எண்ணி விழித்திருந்தாய் என்று வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் பரிவோடு கேட்டு, அவள் விரும்பினால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளிட்டு எழுதி வைக்கலாம்.