சுக்கிலநத்தமும் 7-அ பிரிவும்

யார் யாரை மணக்கலாம் என்பது தேர்தல் மேடையில் பேசப்படும் விஷயமாவதை அமெரிக்காவுக்கே உரிய விநோதமாகக் கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே ஒருபால் திருமணத்தை ஒரு கட்சி ஆதரிக்கும், இன்னொன்று எதிர்க்கும், ஆட்சி மாறினால் கொள்கையும் மாறும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதி கொள்கிறோம். ஆனால் திருமணத்தையே கட்சி அரசியலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, நாற்பது ஆண்டுகள் விடாமல் பேசி, கடைசியில் சட்டமாகவும் ஆக்கிக்கொண்ட மாநிலம் நம்முடையது. அதன் தொடக்கம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் இருக்கிறது. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928-இல் அவ்வூரில் நடந்ததாகத் திராவிட இயக்க வரலாறு பதிவு செய்கிறது.

அந்தக் கரிசல் பூமியில் அது நடந்ததில் வியப்பில்லை. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் நினைவு அங்கே அப்போது ஆறாமல் இருந்தது. கோயில் நுழைவை ஒட்டிய பகை முற்றி 1899 ஜூன் மாதம் சிவகாசி சூறையாடப்பட்டது. கமுதிக் கோயில் வழக்கில் நாடார்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் தோற்றார்கள். இதற்கு முன்பெல்லாம் அச்சமூகத்தின் வசதி படைத்தோர் பூணூல் அணிந்தும் பிராமணப் புரோகிதர்களை வரவழைத்தும் மேல்நிலையை நிறுவ முயன்றதுண்டு. அந்த வழி அடைபட்ட பிறகு, புரோகிதரே வேண்டாம் என்ற குரலுக்குக் காது கொடுக்க ஆட்கள் கிடைத்தார்கள். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். மூன்றாவது மாநாடு 1931-இல் விருதுநகரிலேயே நடந்தது. (காமராசரின் ஊர் என்று மட்டும் விருதுநகரை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.)

மந்திரம் இல்லை, ஓமம் இல்லை, அம்மி மிதிப்பதும் அருந்ததி பார்ப்பதும் இல்லை. மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். அதன்பின் பேச்சாளர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்தப் பேச்சுக்களைப் பற்றிய கேலிகள் ஏராளம், பாதி உண்மையும்கூட. ஆனால் அந்தப் பந்தலில் உட்கார்ந்த பெண்ணுக்கு அது விளையாட்டல்ல. தன் மணம் சட்டத்தின் கண்ணில் மணமா இல்லையா என்று தெரியாமலே அவள் வாழத் தொடங்கினாள். கணவன் இருக்கும்வரை சிக்கல் இல்லை. அவன் இறந்து, பங்காளிகள் நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் நாளில்தான் அந்தக் கேள்வி எழும். எழவும் செய்தது. சொத்துரிமை வழக்கொன்றில் 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இந்து சட்டம் கோரும் சடங்குகள் இதில் இல்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று காட்டவும் இயலாது, ஆகவே இத்தகைய மணம் செல்லாது. ஆயிரக்கணக்கான மனைவியரும் பிள்ளைகளும் ஒரு தீர்ப்பினால் ஐயத்துக்குரியவர்கள் ஆனார்கள்.

நீதிபதிகள் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு முன்னிருந்த சட்டம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது. மாற்ற வேண்டிய இடம் சட்டமன்றம். 1967-இல் அண்ணாதுரை முதலமைச்சரானதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிருக்க, இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். வரைவில் தாலி ‘மற்றும்’ என்ற சொல்லோடு கட்டாயமாக இருந்ததாகவும், பெரியார் சொன்னதன்பேரில் அது ‘அல்லது’ ஆனதாகவும் கூறுவார்கள். உண்மையோ கர்ணபரம்பரையோ, ஒற்றைச் சொல்லில் ஒரு சமூகம் திரும்பும் என்பதை அறிந்தவர்கள் சொன்ன கதை. என் பார்வையில் இச்சட்டத்தின் உயிர் இன்னோரிடத்தில் இருக்கிறது: சட்டம் வருமுன் இம்முறையில் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கும் விதி. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தபோது, சுக்கிலநத்தத்திலிருந்து அன்றுவரை நடந்த மணங்களுக்குப் பின்னோக்கி ஒரு பாதுகாப்பு கிடைத்தது. இன்றும் வீட்டை எதிர்த்து வெளியேறும் இணைகளின் கடைசிப் புகலிடம் இப்பிரிவுதான். வழக்கறிஞர் அறையில் நடந்தாலும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

அமெரிக்கக் கதையும் தொலைவிலிருந்து தோன்றுவதுபோல் அவ்வளவு நேரானதல்ல. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டும் என்று வரையறுத்த 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கீழவையில் 342-க்கு 67 என்ற கணக்கில் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன். 2004 நவம்பரில் ஒரே நாளில் பதினொரு மாநிலங்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒருபால் திருமணத்துக்குத் தடை விதித்தன. ஒபாமா வெளிப்படையாக ஆதரித்தது 2012-இல். உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2015-இல். 2022-இல் அந்தத் திருமணங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு அளித்தபோது குடியரசுக் கட்சியின் 39 கீழவை உறுப்பினர்களும் 12 செனட்டர்களும் ஆதரித்து வாக்களித்தனர். பிறகு 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, அரசின் கண்ணில் இருபால் மட்டுமே உண்டு என்று டிரம்ப் ஆணையிட்டார். ஊசலாட்டம்தான், அதில் நசுங்குகிறவர்களும் உண்டு. ஆயினும் எந்தப் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகியிருக்கிறது. கேட்க ஒரு வாசல் இருக்கிறது.

நம்மிடம் இல்லாதது அதுதான். 377-ஆவது பிரிவு 1860-இல் வெள்ளையர் எழுதித் தந்தது. அதை விலக்கக்கோரி விக்ரம் சேத் உள்ளிட்டோர் 2006-இல் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் தளர்த்தியது, 2013-இல் உச்சநீதிமன்றம் மீட்டது, 2018-இல் அதே நீதிமன்றம் இசைவுடைய உறவுகளைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. இடையில் 2015 டிசம்பரில் சசி தரூர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதை அறிமுகம் செய்யக்கூட மக்களவை இசையவில்லை, 71-க்கு 24. ஒருபால் திருமண வழக்கு நடந்த 2023-இல் மத்திய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டது. மே மாதம் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபடி, பதிலளித்தவை ஏழு. எதிர்த்தவை மூன்று: பாரதிய ஜனதா ஆண்ட அஸ்ஸாம், காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான், மாநிலக் கட்சி ஆண்ட ஆந்திரம். கட்சி வேற்றுமை பார்க்காத ஒற்றுமை! அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. திருமணத்தை மாநிலச் சட்டத்தால் திருத்திய முன்னோடி, தன் அனுபவத்தைச் சொல்லக்கூட வாய் திறக்கவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்பது அநியாயம். 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. மாநிலங்களவையில் 2015-இல் திருச்சி சிவாவின் திருநர் உரிமைத் தனிநபர் மசோதா நிறைவேறியது அபூர்வ நிகழ்வு. ஆனால் மணம், குடும்பம், வாரிசு என்று வரும்போது பேசியவை நீதிமன்றங்களே. விருதுநகர் மாவட்டமும் அடங்கும் மதுரைக் கிளையில் 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். தூத்துக்குடிக் கோயிலில் நடந்த மணமொன்றைப் பதிய மறுத்த வழக்கு அது. 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே புரியாத விஷயம் என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்பெழுதினார்.

ஒருபால் திருமணத்தை ஏற்பது நாடாளுமன்றத்தின், சட்டமன்றங்களின் வேலை என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 1953-இன் எதிரொலியாகவே இது என் காதில் விழுகிறது. திருமணம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1967-இல் திறந்த வழி இன்றும் அடைபடவில்லை: மாநிலச் சட்டமன்றம் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலாம், தராமலும் போகலாம். 7-அ பிரிவு இந்துக்களுக்கு மட்டுமானது, கணவன் மனைவி என்ற சொற்களிலேயே அது நிற்கிறது என்ற தடைகள் உண்மைதான். சமூகம் இன்னும் தயாராகவில்லை என்பார்கள். 1928-இல் அருப்புக்கோட்டை வட்டாரம் தயாராக இருந்ததா?

2023 நவம்பரில் ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்வோருக்குக் குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றைப் பதியும் ஏற்பாட்டை ஆராயும்படி மாநில அரசுக்கு யோசனை சொன்னார். 2025 மே மாதம், பெற்றோர் பிடித்து வைத்த 25 வயதுப் பெண்ணை விடுவித்த நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று எழுதினார்கள். விக்ரம் சேத்தின் தாயார் லீலா சேத்தைப் போல் எல்லாத் தாயாரும் இருப்பதில்லை என்றும் குறிப்பிட்டார்கள். அவ்வாண்டு ஜூலை இறுதியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கை திருநருக்கானது. அந்த 25 வயதுப் பெண்ணும் அவள் தோழியும் அதற்குள் வரமாட்டார்கள்.